மனிதர் பெயர் தாங்கிய நோய்களும் அவற்றுக்குப் பெயரிட்டவர்களும்

தமிழ்நாட்டில் எந்த ஊரின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை எடுத்துக்கொண்டாலும், சாயப் புட்டிகளின் வரிசையில் 'லீஷ்மன்' என்று சீட்டு ஒட்டிய ஒரு புட்டி இருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய படலமாக இழுத்து உலர்த்திய ரத்தத்தில் அந்தச் சாயத்தை ஊற்றி, பிறகு நீர் சேர்த்துச் சில நிமிடங்கள் வைத்திருந்து கழுவினால், வெள்ளணுக்களின் உட்கருக்கள் ஊதா நிறத்தில் துலக்கமாகத் தெரியும். ஆய்வக நுட்பம் படிக்கும் மாணவர்களுக்கு ஒட்டுண்ணியியல் கற்பிக்கும் பணியில் இருப்பதால், இந்தப் பெயரை நாள்தோறும் சொல்ல வேண்டியவன் நான். அதே மனிதரின் பெயர் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணிப் பேரினத்திலும், லீஷ்மேனியாசிஸ் என்ற நோயிலும், மாணவர்கள் 'எல்.டி. பாடி' என்று சுருக்கிச் சொல்லும் லீஷ்மன்-டோனவன் நுண்ணுடல்களிலும் இருக்கிறது. இவற்றில் இரண்டாவதாக வரும் டோனவன், தம் கண்டுபிடிப்பைச் செய்த இடம் சென்னை அரசுப் பொது மருத்துவமனை.

பாடநூல்கள் ஒரு நோயையோ விளைவையோ கண்டறிந்தவரின் பெயரையும் ஆண்டையும் தவறாமல் தருகின்றன. ஆனால் அந்தப் பெயரை அதற்குச் சூட்டியவர் யார் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கண்டறிந்தவரே தம் பெயரைத் தம் கண்டுபிடிப்புக்கு வைத்துக்கொள்வது அறிவியலில் வழக்கமன்று. வேறொருவர், சில மாதங்கள் கழித்தோ அரை நூற்றாண்டு கழித்தோ, ஒரு கட்டுரையில் அந்தப் பெயரை எழுதுகிறார்; மற்றவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். யார் நினைக்கப்படுவார், யார் விடுபடுவார் என்பதை முடிவுசெய்பவர் அந்த இரண்டாம் மனிதரே. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பெயரை நாம் முழுமையாகப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம். எனக்கு மிக நெருக்கமான காலா அசாரிலிருந்தே தொடங்குகிறேன்.

லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் காலா அசார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அசாமிலும் வங்காளத்திலும் ஊர் ஊராக மக்களைக் கொண்டுபோன காய்ச்சல். மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும், உடல் உருகும், தோல் கறுக்கும். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா கொடுத்தால் குறையாது. இருந்தும் அது மலேரியாவின் கடுமையான வடிவம் என்றே அன்றைய மருத்துவர் பலர் எண்ணினார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், மறுஆண்டு காலா அசாரை ஆராய அசாமுக்கு அனுப்பப்பட்டபோது, அவரும் அதை மலேரியா என்றே முடிவுசெய்தார்.

வில்லியம் லீஷ்மன் கிளாஸ்கோவில் பிறந்தவர்; பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்; இந்தியாவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இங்கிலாந்தின் நெட்லியில் இருந்த ராணுவ மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் பாசறையில் இருந்தபோது காய்ச்சல் கண்டு, நெட்லிக்கு அனுப்பப்பட்டு, அங்கே இறந்துபோன ஒரு படைவீரரின் மண்ணீரலை 1900ஆம் ஆண்டில் அவர் பிணக்கூறாய்வில் எடுத்துப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறிய முட்டை வடிவ உடல்கள் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு பெரிய உட்கருப் புள்ளியும் அதன் பக்கத்தில் சிறிய கோல் போன்ற ஒன்றும் இருந்தன. அவை இன்னவை என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி தொற்றி இறந்த ஒரு வெள்ளெலியை, அது இறந்து இரண்டு நாள் ஆனபின் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ அதே தோற்றமுடைய உடல்களைக் கண்டார். ஆகவே தாம் முன்பு பார்த்தவையும் சாவுக்குப் பின் சிதைந்த டிரிப்பனோசோம்களே என்று முடிவுசெய்து, இந்தியாவில் டிரிப்பனோசோம் நோய் இருக்கக்கூடும் என்று 1903 மே மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். லீஷ்மன் முதலில் பார்த்தது சரி. அதற்கு அவர் தந்த விளக்கம் தவறு.

சார்லஸ் டோனவன் 1863இல் கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். டப்ளினில் மருத்துவம் படித்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராகவும் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் இருந்தவர். லீஷ்மன் எழுதியதைப் போன்ற உடல்களை அவர் சென்னையில் இறந்தவர்களின் மண்ணீரலில் ஏற்கெனவே பார்த்திருந்தார். 1903 ஜூன் மாதம், காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த ரத்தத்திலும் அதே உடல்களைக் கண்டார். இந்த ஒரு செய்கையின் முக்கியத்துவத்தை மாணவர்களுக்கு விளக்கும்போது நான் எப்போதும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன். சிறுவன் உயிரோடிருந்தான். உயிரோடிருப்பவனின் உடலில் எடுத்த மாதிரியில் அவை இருக்குமானால், சாவுக்குப் பின் சிதைந்த பொருள் என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அவை அந்த வடிவிலேயே வாழும் தனி உயிரிகள். ஜூலை மாதத்திலேயே டோனவன் இதை அதே இதழுக்கு எழுதினார். தகடுகளை லிவர்பூலில் இருந்த ராஸுக்கும் பாரிசில் இருந்த லாவரானுக்கும் அனுப்பினார்.

பெயர்ப் போட்டி இங்கேதான் தொடங்கியது. மலேரியா ஒட்டுண்ணியை முதலில் கண்டறிந்தவரான லாவரான், தம் சக ஆய்வாளர் மெஸ்னிலுடன் சேர்ந்து, இது கால்நடைகளில் காணப்படும் பைரோபிளாஸ்மா வகை என்று கருதி அதற்குப் பைரோபிளாஸ்மா டோனவானி என்று பெயரிட்டார். அந்தப் பெயர் நின்றிருந்தால் லீஷ்மனின் பெயர் இந்த நோயின் வரலாற்றில் அடிக்குறிப்பாகியிருக்கும். ராஸ் வேறு முடிவுக்கு வந்தார். இது ஏற்கெனவே தெரிந்த எந்தப் பேரினத்திலும் அடங்காத புதிய உயிரி என்று சரியாக உணர்ந்து, 1903 நவம்பரில் பேரினத்துக்கு லீஷ்மனையும் சிற்றினத்துக்கு டோனவனையும் வைத்து லீஷ்மேனியா டோனவானி என்று எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு நோபல் பரிசு பெற்றிருந்தவரின் சொல்லுக்கு எடை இருந்தது. தாமே ஒருகாலத்தில் மலேரியா என்று தீர்மானித்த நோய்க்குப் பெயரிடும் உரிமை ராஸின் கைக்கு வந்தது. அதை அவர் இருவருக்கும் பொதுவாகப் பகிர்ந்தார். நியாயமான பகிர்வு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் உயிரியல் பெயரிடும் முறையில் பேரினப் பெயர்தான் பரவும். பின்னர் கண்டறியப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட சிற்றினங்களும், அவை உண்டாக்கும் நோய்கள் அனைத்தும் லீஷ்மனின் பெயரையே ஏற்றுக்கொண்டன. டோனவன் ஒரே ஒரு சிற்றினத்தில் தங்கிவிட்டார்.

ராஸின் பகிர்வில் இடம்பெறாத இருவர் உண்டு. 1885ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் டேவிட் கன்னிங்காம், 'டெல்லிக் கட்டி' எனப்பட்ட தோல்புண்ணிலிருந்து எடுத்த திசுவில் இத்தகைய ஒட்டுண்ணிகளைக் கண்டு படம் வரைந்து வெளியிட்டார். ஆனால் அவை எந்த வகை உயிரி என்பதைப் பிழையாகக் கணித்தார். 1898இல் தாஷ்கண்ட் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய பியோத்தர் பரோவ்ஸ்கி, அதே போன்ற தோல்புண்ணில் இவற்றைக் கண்டு, இவை ஒற்றைச் செல் விலங்குகள் என்று சரியாகவே எழுதினார். லீஷ்மன் எழுதுவதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, லீஷ்மனைவிடத் தெளிவாக எழுதப்பட்ட அந்தக் கட்டுரை, ரஷ்ய மொழியில் ஒரு ராணுவ மருத்துவ இதழில் வந்தது. லண்டனிலும் பாரிசிலும் அதை வாசித்தவர் இல்லை. 1938இல் சிசில் ஹோர் என்ற ஒட்டுண்ணியியலாளர் ஆங்கிலத்தில் அதைப் பற்றி எழுதும்வரை உலகம் பரோவ்ஸ்கியை அறியவில்லை. அதற்குள் பெயர் முப்பத்தைந்து ஆண்டு பழையதாகிவிட்டது. எந்த மொழியில் எழுதினார், எந்த இதழில் எழுதினார், அதைப் பெயரிடும் நிலையில் இருந்தவர் வாசித்தாரா என்பவை எல்லாம் ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. தமிழில் அறிவியல் எழுதும் எவருக்கும் பரோவ்ஸ்கியின் கதை நெஞ்சில் தைக்கும்.

டோனவனுக்கு இன்னொரு பெயரும் வாய்த்தது. 1905இல் அதே சென்னை மருத்துவமனையில், பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் ஒரு நோயில் அவர் கண்ட நுண்ணுடல்கள் டோனவன் உடல்கள் எனப்பட்டன; அந்த நோய்க்கு டோனவனோசிஸ் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் முன்மொழியப்பட்டது. லீஷ்மன்-டோனவன் உடலும் டோனவன் உடலும் வெவ்வேறானவை. முன்னது ஒட்டுண்ணி, பின்னது பாக்டீரியா. தேர்வில் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. 1911இல் தொடங்கிய இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராகவும் டோனவன் இருந்தார். ஓய்வுபெற்று இங்கிலாந்துக்குச் சென்று 1951இல் மறைந்தார். அந்த மருத்துவமனைக்கு அன்றாடம் போய்வரும் சென்னைவாசிகளில் அவரை அறிந்தவர் மிகச் சிலரே இருப்பார்கள் என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி மற்றப் பெயரிட்டவர்களில் சிலர். லண்டன் நகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றிய சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறு பேர். அவர்களுள் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்துத்தான் எழுதினார். 1824இல் அவர் இறந்தபோது அவர் பெயரில் நோய் எதுவும் இல்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பாரிசின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர்தான் அதைப் பார்க்கின்சன் நோய் என்று அழைக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் தந்த காரணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதுவரை வழங்கிய லத்தீன் பெயருக்கு 'நடுங்கும் வாதம்' என்பது பொருள். ஆனால் இந்த நோயாளிகளுக்கு உண்மையான வாதம் இல்லை, தசைகளில் வலு இருக்கிறது. எல்லோருக்கும் நடுக்கமும் இருப்பதில்லை. பெயரின் இரண்டு பாதிகளும் தவறு என்று கண்டபோது, நோயைப் பற்றி எதையும் சொல்லாத மனிதப் பெயரே பாதுகாப்பானது என்று ஷார்கோ முடிவுசெய்தார். நோய்களுக்கு மனிதர் பெயர் வேண்டாம், விளக்கப் பெயர்களே வேண்டும் என்று இன்று வாதிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். விளக்கம் என்பது அந்தக் காலத்து அறிவின் அளவே. அறிவு வளரும்போது அது பொய்யாகிப்போகலாம்.

தாமஸ் ஹாட்ஜ்கினின் கதையில் பெயரிட்டவரின் நேர்மை வெளிப்படுகிறது. லண்டனில் 'கை' (Guy's) என்பவரின் பெயர் தாங்கிய மருத்துவமனையின் ஆய்வாளரான ஹாட்ஜ்கின் 1832இல் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கும் ஒரு நோயைப் பற்றிக் கட்டுரை படித்தார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. கனடாவில் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி அங்குள்ள பழங்குடி மக்களை நடத்திய விதத்தை அவர் கண்டித்தது மருத்துவமனைப் பொருளாளருக்குப் பகையாகி, 1837இல் பதவி உயர்வு கிடைக்காமல் அவர் வெளியேறினார். பின்னர் அதே மருத்துவமனையில் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோயைத் தாமாகவே கண்டறிந்து 1856இல் எழுதினார். ஹாட்ஜ்கின் தமக்கு முன்பே எழுதியிருக்கிறார் என்பதை அறிந்ததும், தம் உரிமையை விட்டுக்கொடுத்து, 1865இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அதை ஹாட்ஜ்கின் நோய் என்று குறித்தார். மறுஆண்டு ஹாட்ஜ்கின் யாஃபா நகரில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். கை மருத்துவமனையில் பாதுகாத்து வைத்திருந்த அவருடைய பழைய மாதிரிகளைப் பிற்காலத்தவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, சில உண்மையிலேயே அந்த நோய் என்றும், சில வேறு நோய்கள் என்றும் தெரியவந்தது. ஹாட்ஜ்கின் வெறுங்கண்ணால் பார்த்து எழுதியவர் என்பதை எண்ணினால், அந்த அளவு சரியாக இருந்ததே பெரிது.

இயற்பியலில் நமக்கு மிக நெருக்கமான பெயர் ராமன் விளைவு; பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதியின் அலைநீளம் மாறுவதே அது. கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் 1928 பிப்ரவரியில் நடந்த அந்த ஆய்வில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமனோடு வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் இருந்தார். அவதானிப்புகள் பலவற்றைச் செய்தவர் கிருஷ்ணன். அந்த நாட்களைப் பற்றிய அவருடைய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளிவந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. அதே ஆண்டு பெர்லினில் சோதனையை மீண்டும் செய்து பார்த்த பீட்டர் பிரிங்ஸ்ஹைம் என்ற இயற்பியலாளர் தம் ஜெர்மன் கட்டுரையின் தலைப்பில் 'ராமன் விளைவு' என்று எழுதினார். பெயர் அப்படியே நிலைத்தது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவை அதே பிப்ரவரியில் கண்டிருந்தார்கள். அவர்கள் வெளியிடத் தாமதமாயிற்று. ரஷ்ய நூல்கள் நெடுங்காலம் ராமன் பெயரைத் தவிர்த்து வேறு பெயரால் இதைக் குறித்துவந்தன. பெர்லினில் ஒருவர் சூட்டிய இரண்டு சொற்களில் திருச்சிக்காரர் இடம்பெற்றார், வத்திராயிருப்புக்காரர் இடம்பெறவில்லை. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசும் ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. சிந்தனையும் தலைமையும் ராமனுடையவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பள்ளிகளில் ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று அறிவியல் நாள் கொண்டாடும்போது கிருஷ்ணனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பெயர் சில நேரங்களில் ஒரு இழிவை அகற்றவும் வருகிறது. இருபத்தோராம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் உண்டாகும் நிலையை 1866இல் விவரித்த லாங்டன் டவுன், அந்தக் குழந்தைகளின் முகத்தோற்றத்தை வைத்து ஒரு இனத்தாரோடு ஒப்பிட்டு மங்கோலியர் என்று எழுதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்தச் சொல் மருத்துவ நூல்களில் இருந்தது. 1961இல் மரபியலாளர் பத்தொன்பது பேர் அதைக் கைவிட வேண்டும் என்று 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதி, பதிலாகச் சில பெயர்களை முன்வைத்தார்கள். டவுனின் பேரன் ஒருவரும் அவர்களில் இருந்தார். அவற்றுள் டவுன் சிண்ட்ரோம் என்பதைத் தேர்ந்தவர் அந்த இதழின் ஆசிரியர். 1965இல் மங்கோலிய நாட்டின் பிரதிநிதிகள் உலக சுகாதார நிறுவனத்தில் கேட்டுக்கொண்டதன் பேரில் பழைய சொல் அங்கும் கைவிடப்பட்டது. புண்படுத்திய சொல்லை எழுதியவரின் பெயரே அந்தச் சொல்லுக்கு மாற்றாக வந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்தது ரைட்டர் சிண்ட்ரோம். 1916இல் பால்கன் போர்முனையில் ஜெர்மன் ராணுவ மருத்துவராக இருந்த ஹான்ஸ் ரைட்டர், வயிற்றுப்போக்குக்குப் பின் மூட்டுவீக்கமும் கண்சிவப்பும் சிறுநீர்ப்பாதை அழற்சியும் சேர்ந்து வந்த ஒரு படை அதிகாரியைப் பற்றி எழுதினார். காரணம் சுருள்வடிவக் கிருமி ஒன்று என்று அவர் சொன்னது தவறு. அவருக்கு நூறாண்டு முன்பே ஆங்கில மருத்துவர் பெஞ்சமின் பிராடி இத்தகைய நோயாளிகளை விவரித்திருந்தார். அதே 1916இல் பிரெஞ்சு மருத்துவர் இருவரும் எழுதியிருந்தார்கள். ஆனால் 1942இல் அமெரிக்காவில் வால்டர் பாயரும் எஃப்ரயிம் எங்கிள்மனும் தாம் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, ரைட்டரின் பழைய கட்டுரையைச் சுட்டி அவர் பெயரைப் பயன்படுத்தினார்கள். ஆங்கில மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊர் மருத்துவர்களும் அண்மைக்காலம் வரை அப்படியே சொல்லிவந்தார்கள்.

1942இல் ரைட்டர் என்னவாக இருந்தார்? நாஜி ஆட்சியின் சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்தின் தலைவராக இருந்தார். இனத் தூய்மை என்ற பெயரில் நடந்த கட்டாயக் கருத்தடைகளை அறிந்திருந்தார். பூக்கன்வால்ட் வதைமுகாமில் கைதிகளுக்கு டைஃபஸ் தடுப்பூசிச் சோதனை செய்த திட்டத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது; அச்சோதனைகளில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். போருக்குப் பின் சிறைப்பட்டு விசாரிக்கப்பட்டு, விடுதலையாகி, 1969இல் இயற்கையாக இறந்தார். பாயரும் எங்கிள்மனும் இதில் எதையும் அறியாமல்தான் அந்தப் பெயரை எழுதினார்கள். 1970களில் அமெரிக்க மருத்துவர் சிலர் இதை வெளிக்கொணர்ந்து பெயரை விட்டுவிட வேண்டும் என்று கேட்டார்கள். மெல்ல மெல்ல 'ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்' என்ற பெயர் இடம்பிடித்தது.

2007ஆம் ஆண்டில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. பெயரிட்டு அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின், பெயரைத் திரும்பப் பெறுவதாக ஒரு மூட்டுநோய் இதழில் அறிக்கை வெளியாயிற்று. அதில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் எங்கிள்மன். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவர், தாம் முப்பது வயதில் முன்மொழிந்ததைத் தம் கையாலேயே நீக்கினார். பெயரிட்டவருக்கு அந்தப் பெயரின் மேல் பொறுப்பு இருக்கிறது, அது முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான செயலை நான் மருத்துவ வரலாற்றில் பார்த்ததில்லை. ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் ஒரு நோய்க்கு வழங்கிவந்த, நாஜிக் கட்சியில் இருந்த வெகெனர் என்ற மருத்துவரின் பெயரை 2011இல் மருத்துவ அமைப்புகள் நீக்கியபோது, அந்தப் பெயரை முதலில் பரப்பியவர் எவரும் முன்வந்து பேசும் நிலை இல்லை. அது குழுக்களின் தீர்மானமாக நடந்தது. இரண்டும் சரியே. ஆனால் எங்கிள்மன் செய்ததன் கனம் வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2015 மே மாதம், புதிதாகத் தோன்றும் தொற்றுநோய்களுக்கு மனிதர், இடம், விலங்கு ஆகியவற்றின் பெயர்களை வைக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. இடப்பெயரைப் பொறுத்தவரை எனக்கு முழு உடன்பாடு. பாதத்தில் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து வீங்கிச் சீழ்வடியும் மைசெட்டோமா நோய், சூடானிலும் மெக்சிகோவிலும் மிகுதியாக இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மதுரையில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர்களின் குறிப்பால் உலகமெங்கும் 'மதுரா கால்' என்று வழங்குகிறது. மதுரைக்கு அந்தப் பெயர் தேவையில்லை. மனிதர் பெயரைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. தவிர்க்க வேண்டிய பெயருக்கு எடுத்துக்காட்டாக அந்த வழிகாட்டுதல் சாகாஸ் நோயைக் குறிப்பிடுகிறது. பிரேசிலின் உட்பகுதியில் 1909இல் கார்லோஸ் சாகாஸ் நோயையும் ஒட்டுண்ணியையும் அதைப் பரப்பும் பூச்சியையும் ஒருவராகவே கண்டறிந்து, ஒட்டுண்ணிக்குத் தம் ஆசிரியர் ஒஸ்வால்டோ குரூஸின் பெயரை வைத்தார். அந்தப் பெயரால் துன்பப்பட்டவர் எவரும் இல்லை.

ஒரு மனிதரின் பெயரை நோயாளிகளே கேட்டுப் பெற்ற நிகழ்ச்சியும் உண்டு. நார்வேயின் பெர்கன் நகரில் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர் அர்மவுவர் ஹான்சன். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில், உள்ளே வருபவர்களுள் பலர் குடும்பத்துக்கு அவப்பெயர் வராமலிருக்கத் தம் சொந்தப் பெயரைத் துறந்து வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஸ்டான்லி ஸ்டைன் என்பதும் அவ்வாறு எடுத்துக்கொண்ட பெயரே. நோயால் பார்வையை இழந்த அவர், உள்ளிருந்தபடியே 'தி ஸ்டார்' என்ற இதழை 1941 முதல் நடத்தி, விவிலியக் காலத்திலிருந்து வசையாக வழங்கிய ஆங்கிலச் சொல்லை விட்டு ஹான்சன் நோய் என்றே அழைக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். பிரேசில் 1995இல் சட்டமே இயற்றி, அரசு ஆவணங்களில் பழைய சொல்லை நீக்கி, ஹான்சன் பெயரிலிருந்து ஆக்கிய சொல்லை வைத்தது. நம் மருத்துவர்களும் நோயாளியின் எதிரில் பேசும்போது 'ஹான்சன்' என்று சொல்வதையே விரும்புகிறார்கள்.

ஆனால் அந்த ஹான்சன், கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று காட்டும் வேகத்தில், 1879இல் பெர்கன் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரிடம் ஒப்புதல் கேட்காமல், இன்னொரு நோயாளியிடமிருந்து எடுத்த பொருளை ஊசியால் செலுத்தினார். வழக்கு நடந்தது. 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. ரைட்டருக்கு வைத்த அளவுகோலை இவருக்கும் வைத்து இந்தப் பெயரையும் எடுத்துவிட வேண்டாமா என்று மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் வேண்டாம் என்றேன். இந்தப் பெயரைத் தேர்ந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். தம் சொந்தப் பெயரையே இழந்து வாழ்ந்த நோயாளிகள். அதை மாற்றும் உரிமை அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் கேட்காதவரை நான் அதில் கைவைக்க மாட்டேன். ஆனால் பாடக்குறிப்பில் 1873 என்று எழுதுகிற இடத்திலேயே 1880ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அடுத்த வரியாக எழுதித் தருகிறேன். தேர்வில் அதையும் கேட்கிறேன்.